எண்ணத் தவறிய குரு
பரமார்த்த குரு கதையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்வி உலகும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் ஆசிரியர்களும் பேராசிரியர்களும் கேலிச்சித்திரக்காரர்களுக்கு எளிதில் அகப்பட்ட இரையாயினர். இலண்டனில் 1841இல் 'பஞ்ச்' என்னும் வார இதழ் தோன்றியது. பின்னர் வந்த 'வானிட்டி ஃபேர்' இதழ் அறிஞர்களையும் விட்டுவைக்கவில்லை. 1871இல் சார்ல்ஸ் டார்வினே அதன் பக்கமொன்றில் நீண்ட தாடியோடு நாற்காலியில் அமர்த்தப்பட்டார். தமிழ்நாட்டில் அக்காலத்தில் இத்தகைய கோட்டுச் சித்திரங்கள் இல்லை. 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கேலிச்சித்திரங்களை வெளியிட்டதே தமிழ் இதழியலில் அதற்குத் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஆயினும், ஆசிரியரையும் மாணாக்கரையும் ஒருங்கே நிறுத்தி, அவர்களுடைய கல்வி முறையையே நகைப்புக்குள்ளாக்கிய ஒரு சித்திரம் சொற்களால் வரையப்பட்டு, அதற்கு நெடுநாள் முன்பே தமிழில் இருந்தது. அது காவிரிச் சீமையின் வடவோரத்தில், கொள்ளிடக் கரையில் பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தது. வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை' என்னும் அச்சிறு நூலைச் சிறுவர் கதை என்று ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அருட்பணியில் இருப்போரும் அதற்கென ஆயத்தம் செய்வோரும் அதனை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நலம் என்று நாம் கருதுவதற்குக் காரணம் உண்டு.

நூலாசிரியரைப் பற்றிச் சில சொற்கள் போதும். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680இல் இத்தாலியில் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. 1711 முதல் மதுரை மிஷனில் ஊழியம் செய்தவர். தஞ்சைக்கு வடக்கே, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சி அவருடைய முதன்மையான இருப்பிடமாயிற்று. அவ்வூரைத் திருக்காவலூர் என்று பெயரிட்டுப் பாடினார். அதே காவிரிச் சீமையின் கீழைக்கோடியில், தரங்கம்பாடியில், லுத்தரன் மிஷனெரிமார் இருந்தனர். இரு சாராருக்கும் இடையே நடந்த கண்டனப் போர் நாம் அறிந்ததே. 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்' முதலிய நூல்கள் அப்போரின் கருவிகள். இவ்வளவு கடுமையாகத் தாக்கப்பட்ட தரங்கம்பாடியாரே, அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் தங்கள் அச்சுக்கூடத்தில் அச்சிட்டனர் என்பது நினைக்குந்தோறும் நமக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தி. பகைவன் எழுதிய இலக்கணமாயினும் இலக்கணம் இலக்கணமே என்று அவர்கள் எண்ணினர் போலும்.

இனிக் கதைக்கு வருவோம். பரமார்த்தர் என்றொரு குரு. அவருக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என ஐந்து சீடர்கள். அறுவரும் ஓர் ஆற்றங்கரையை அடைகின்றனர். ஆறு கொடியது, விழித்திருக்கும்போது இறங்கினால் விழுங்கிவிடும், ஆகவே அது உறங்குகிறதா என்று சோதித்தறிந்தே இறங்க வேண்டும் என்பது குருவின் துணிபு. சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையைக் கொண்டுபோய் நீரில் தோய்க்கிறான். சுரீரென்ற ஓசையும் புகையும் எழுகின்றன. ஆறு விழித்திருக்கிறது, சினந்தும் இருக்கிறது என்று அவன் ஓடிவந்து உரைக்கிறான். அது உறங்கும்வரை காத்திருக்கும் வேளையில் ஆற்றின் கொடுமைக்குச் சான்றுகள் எடுத்துக்காட்டப்படுகின்றன. உப்பு மூட்டைகளைக் கழுதைமேல் ஏற்றி ஆற்றில் இறக்கியவர்கள் கரையேறிப் பார்த்தபோது, மூட்டையின் தையல் பிரியாமலிருக்க, உள்ளிருந்த உப்பை மட்டும் ஆறு தின்றுவிட்டிருந்தது என்பது அவற்றுள் ஒன்று. சிறிது நேரங்கழித்து, அதே கொள்ளிக்கட்டை, இப்போது அணைந்து ஈரமாயிருப்பது, மீண்டும் நீரில் தோய்க்கப்படுகிறது. ஓசை இல்லை, புகையும் இல்லை. ஆறு உறங்கிவிட்டது. அறுவரும் அடிமேல் அடிவைத்து அக்கரை சேர்கின்றனர்.

இதில் நகைக்கப்படுவது வெறும் மடமை என்று நாம் கொண்டால் ஆசிரியரின் கூர்மையைத் தவறவிட்டவராவோம். மடமைக்கு இத்தனை ஒழுங்கு தேவையில்லை. இங்கே ஒரு கொள்கை இருக்கிறது, அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, சோதனையின் முடிவை வலியுறுத்த முன்னோர் சான்று இருக்கிறது, மறுசோதனையும் இருக்கிறது. ஒரு கல்விக்கூடத்தில் நடப்பன யாவும் முறைப்படி நடக்கின்றன. தருக்க நூல் பயின்றோர் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கும் எடுத்துக்காட்டைத்தான் முதலில் கற்பர். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்பது அப்பாடம். இங்கே புகையைக் கண்டு ஆற்றின் சினம் அனுமானிக்கப்படுகிறது. பள்ளியில் பயின்ற அளவை முறையைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணெதிரே ஓடும் நீரைப் பார்க்க மறந்த கல்வியையே இப்பகுதி படம்பிடிக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. காவிரிக் கரையில் வளர்ந்த சிறுவன் எவனும், ஆற்றில் நீர் முழங்கால் அளவா, மார்பளவா என்பதை இறங்கிப் பார்த்துச் சொல்லிவிடுவான்.

அக்கரை சேர்ந்தபின் நடப்பதுதான் இக்கதையின் நடுநாயகம். அனைவரும் வந்து சேர்ந்தோமா என்று எண்ணுகின்றனர். எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐவரே அகப்படுகின்றனர். ஆறு ஒருவனை விழுங்கிவிட்டது என்று அழுது புலம்புகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் அவர்களுடைய நிலையை உணர்ந்து, காணாமற்போனவனை மந்திரத்தால் வரவழைப்பதாகச் சொல்லி, பணமும் பேசிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் கோலால் ஒன்று வைத்து எண்ணச் செய்கிறான். ஆறு அடிக்கு ஆறு பேர் இருக்கின்றனர். குருவுக்கும் ஓர் அடி உண்டு என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தன்னை எண்ணாமல் விட்டவனின் கதை தஞ்சைச் சீமைக்குப் புதிதன்று. ஆற்றைக் கடந்த பதின்மர், ஒவ்வொருவனும் ஒன்பது பேரையே எண்ணிப் பத்தாமவன் இறந்தான் என்று அழுததும், அவ்வழி வந்த ஒருவன் 'பத்தாமவன் நீயே' என்று காட்டியதும் வேதாந்த நூல்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் உவமை. வித்யாரண்யரின் 'பஞ்சதசி'யில் அது வருகிறது. நன்னிலத்தைச் சேர்ந்த தாண்டவராய சுவாமிகள் இயற்றிய 'கைவல்லிய நவநீத'த்திலும் வருகிறது. தமிழ் மடங்களில் அந்நூல் பாடமாகப் பயிலப்பட்டதால் இவ்வுவமை இங்கே பரவலாக அறியப்பட்டது. தரங்கம்பாடி மிஷனுக்குப் பொறுப்பேற்ற லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரௌல் 1849 முதல் 1853 வரை இந்தியாவில் இருந்து தமிழ் கற்றுத் திரும்பி, இதே கைவல்லிய நவநீதத்தை 1854, 1855 ஆண்டுகளில் ஜெர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்து வெளியிட்டார். ஆகவே பத்தாமவன் உவமை லுத்தரன் இறையியலாரின் படிப்பறைக்குள்ளும் நுழைந்த ஒன்று.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கேலிச்சித்திரத்தின் தொழில் விளங்கும். வேதாந்த உவமையில் அழுகிறவன் அறியாத சீவன். 'நீயே' என்று சுட்டிக்காட்டும் வழிப்போக்கன் குருவுக்கு உவமை. பரமார்த்தர் கதையில் குரு இடம் மாறிவிடுகிறார். சுட்டிக்காட்டும் இடத்தில் அவர் இல்லை. அழுகிறவர்களோடு நின்று அழுகிறார். அறிவைத் தருகிறவன் கோலும் கையுமாய் வந்த ஒரு வழிப்போக்கன். அவனும் அதற்குக் கூலி பெற்றுக்கொண்டு போகிறான். பெயரோ 'பரமார்த்தர்', மேலான உண்மையை உடையவர். ஒரு மரபின் மிக உயர்ந்த எடுத்துக்காட்டுக்குள்ளேயே அம்மரபின் ஆசிரியனை எதிர்ப்பக்கத்தில் நிறுத்துவதைக் காட்டிலும் கூரிய கேலி வேறில்லை. மூக்கை நீட்டி வரைவதும் தொந்தியைப் பெருக்கி வரைவதும் இதன்முன் எளிய வேலைகள்.

மற்றொரு நிகழ்ச்சி நம்மைப் போன்றோருக்கு இன்னும் நெருக்கமானது. குரு கிழக்குதிரை ஒன்றில் ஏறிச் செல்கிறார். தலைப்பாகை மரக்கிளையில் சிக்கிக் கீழே விழுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை, கேட்டால், எடுக்கும்படி தாங்கள் சொல்லவில்லையே என்கின்றனர். விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு கடிந்துகொள்கிறார். அடுத்து விழுந்தது குதிரைச் சாணம். அதையும் தலைப்பாகையில் ஏந்திக் கொணர்கின்றனர். சினந்த குருவிடம், எடுக்கத் தக்கவை எவை என்று எழுதித் தாரும் என்று கேட்கின்றனர். அவரும் ஓலையில் எழுதித் தருகிறார். பின்பு குதிரை இடறிக் குருவே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையை எடுத்துப் படித்து, எழுதியபடியே தலைப்பாகை, உடை என ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொள்கின்றனர். குருவை மட்டும் எடுக்கவில்லை. அவர் பெயர் ஓலையில் இல்லை. அவர் பள்ளத்தில் கிடந்தபடியே ஓலையையும் எழுத்தாணியையும் வாங்கி, 'நான் விழுந்தால் என்னையும் எடுக்க' என்னும் பொருள்பட எழுதிக்கொடுத்த பிறகே வெளியே வர முடிகிறது. ஆற்றங்கரையில் எண்ணிக்கையில் விடுபட்டது போலவே இங்கே பட்டியலிலும் குரு விடுபட்டுவிடுகிறார். இம்முறை விட்டவர் அவரே. பட்டியல் அவர் கையெழுத்து.

இக்கேலி யாரை நோக்கி எய்யப்பட்டது? பிராமணரையும் மடத்துக் குருமாரையும் இழிவுபடுத்தவே பெஸ்கி இதனை எழுதினார் என்று கருதியோர் உண்டு. 1826இல் பாரிஸில் இக்கதைகளைப் பிரெஞ்சில் வெளியிட்ட அபே துபுவா அக்கருத்தைக் குறிப்பிட்டு, பெஸ்கியின் பெயரே எட்டாத இடங்களிலும் இக்கதைகள் மக்கள் வாயில் வழங்கக் கேட்டதாக எழுதியிருக்கிறார். துபுவா சொல்வதே நேர்மையான நிலை. தன்னை விட்டு எண்ணும் கதை இங்கிலாந்தில் கோதம் என்னும் ஊரார்மேல் ஏற்றப்பட்டுப் பதினாறாம் நூற்றாண்டிலேயே அச்சேறியது. அமர்ந்திருக்கும் கிளையை வெட்டும் கதை நம் நாட்டில் காளிதாசன்மேல் ஏற்றிச் சொல்லப்படுவது. பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலைகொடுத்து வாங்கும் கதையும் பல நாடுகளுக்குப் பொது. ஊரில் கிடந்த கதைகளைத் திரட்டி, ஒரு குருவையும் ஐந்து சீடரையும் அவற்றுக்கு நாயகராக்கியதே பெஸ்கியின் வேலை. ஊரார் மடமை என்று இருந்ததைக் கல்விக் கூட்டத்தின் மடமை என்று மாற்றியவர் அவர்.

அவரும் அக்கூட்டத்திற்கு வெளியே நின்றவரல்லர். மதுரை மிஷனின் வழக்கப்படி அவரும் சந்நியாசி குருவின் கோலத்திலேயே நடமாடினார். அவர் பல்லக்கில் சென்றதையும், புலித்தோலாசனத்தில் அமர்ந்ததையும், பணியாளர் சூழ வந்ததையும் முத்துசாமிப் பிள்ளை தம் வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். அதிலுள்ள ஒவ்வொரு அணியையும் வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. எனினும் குருவென்று வணங்கப்பட்டவர் ஒருவரே குருவைப் பற்றிய இக்கேலியை எழுதினார் என்பதில் ஐயமில்லை. சீடருள் ஒருவனுக்கு 'மிலேச்சன்' என்று பெயர் இட்டிருப்பதையும் கவனிக்க. கடல் கடந்து வந்த அயலானைக் குறிக்க இந்நாட்டார் வழங்கிய சொல் அது. தமிழ் கற்க வந்த ஐரோப்பியரின் பயிற்சிக்காகத் தாம் எழுதிய நூலில் அப்பெயரை அவர் அறியாமல் இட்டிருப்பார் என்று நம்மால் எண்ண முடியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நூல் கல்விக்கூடங்களுக்குள் நுழைந்த வரலாறு தனிச் சுவையுடையது. சென்னையில் 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. கும்பினியின் இளம் அதிகாரிகள் முன்ஷிகளிடம் தென்னாட்டு மொழிகளைக் கற்றுத் தேர்வு எழுதிய இடம் அது. அக்கல்லூரியை உருவாக்கிய எல்லிஸ் துரை 1816இல் முத்துசாமிப் பிள்ளையை அனுப்பிப் பெஸ்கியின் சுவடிகளைத் தேடித் திரட்டச் செய்தார். அப்பணியின் விளைவாகவே 1822இல் முத்துசாமிப் பிள்ளை பெஸ்கியின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். அதே 1822இல், சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த பெஞ்சமின் பாபிங்டன் பரமார்த்த குருவின் கதையை இலண்டனில் தமிழ் எழுத்தில் அச்சிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்பும் சொல்லகராதியும் சேர்த்து வெளியிட்டார். முதற்கதைக்கு மட்டும் இலக்கணப் பகுப்பு ஒன்றும் உடன் வைத்தார். அம்முதற்கதைதான் நாம் மேலே கண்ட ஆற்றைக் கடந்த கதை. எழுத்தையே பற்றிக்கொண்டு பொருளை இழந்த சீடர்களின் கதையைச் சொல் சொல்லாகப் பிரித்து மாணவர் நெட்டுருச் செய்ய வேண்டியதாயிற்று. பாபிங்டனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. மொழி கற்பிக்கும் நூலில் வேறு என்ன செய்வது? ஆனால் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்தருகே நிற்கும் சீடர்களை அப்பக்கங்களில் நினையாமல் இருக்க முடிவதில்லை.

சொற்சித்திரம் கோட்டுச் சித்திரமானது 1861இல். அவ்வாண்டு இலண்டனில் ட்ரூப்னர் கம்பெனி இக்கதையை 'கூரூ சிம்பிள்' என்னும் பெயரால், ஐம்பது மரச்செதுக்குப் படங்களோடு வெளியிட்டது. படங்களை வரைந்தவர் ஆல்பிரட் குரோக்வில். அது புனைபெயர், இயற்பெயர் ஆல்பிரட் ஹென்றி ஃபாரஸ்டர், 'பஞ்ச்' இதழின் தொடக்க காலத்தில் அதற்கு வரைந்தவர்களுள் ஒருவர். சீடர்கள் நூடில், டூடில், வைஸேக்கர், ஸேனி, ஃபூஸில் என்று ஆயினர். ஒலியில் சிரிப்பூட்டும் பெயர்கள்தாம். ஆனால் 'பரமார்த்தர்' என்பது 'சிம்பிள்' ஆனபோது இழந்தது மிகப் பெரிது. மேலான உண்மையின் பெயரைத் தாங்கியவர் மடமை செய்தால் அது கேலி. பேதை என்று பெயர் பெற்றவர் மடமை செய்தால் அதில் என்ன வியப்பு? 'மிலேச்சன்' என்னும் பெயரும் மறைந்தது. தமிழ் நூலில் அயலானுக்கும் இடமிருந்தது; இலண்டன் வாசகர் நகைத்தது தொலைவிலுள்ள ஓர் இந்தியக் குருவையும் அவருடைய ஐந்து இந்தியச் சீடரையும் மட்டுமே. எண்ணிக்கையில் தம்மை விட்டுவிட்டனர்.

காவிரிச் சீமையின் உள்ளிருந்தே கல்வியை நகைத்த எழுத்தும் அந்நூற்றாண்டில் எழுந்தது. தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், செல்வர் வீட்டுப் பிள்ளை பாடத்தில் தவறினால் அவனுக்காக வேறொரு பிள்ளை அடிபடும் காட்சி உண்டு. அடி வாங்கியவனே படித்துத் தேறுவான் என்பதும் அதில் அடங்கிய நகைச்சுவை. தமிழரே நிறைந்த நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடுவதையும் அவர் அந்நூலில் எள்ளி நகையாடுகிறார். தாமே ஆங்கிலம் கற்று நீதிமன்றத்தில் அமர்ந்தவர் எழுதியது அது என்பதால் அதன் சுவை வேறு. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

நம் திருச்சபைகளில் பட்டம் பெற்ற ஊழியரைக் 'குருவானவர்' என்று அழைக்கும் வழக்கம் இருக்கிறது. இறையியற் கல்வி நிலையத்தைக் 'குருகுலம்' என்பதும் உண்டு. ஆதலால் இக்கதையின் தலைப்பே நம் வாயிற்கதவைத் தட்டுகிறது. வகுப்பறையில் விடைத்தாள் திருத்தும் வேலை நமக்குப் பல ஆண்டுகள் வாய்த்தது. நாம் சொன்ன சொற்களையே, நாம் சொன்ன வரிசையிலேயே, நாம் தவறாகச் சொன்ன ஆண்டையும் சேர்த்து, நாற்பது விடைத்தாள்களில் கண்ட ஒரு மார்ச் மாதம் நினைவிருக்கிறது. முதலில் மாணவர்மேல் சினம் வந்தது. அந்த ஆண்டைப் பிழையாகச் சொன்னவர் யார் என்பது அடுத்த நாள்தான் உறைத்தது. வேறொரு முறை, கிராமச் சபையொன்றில், வறட்சியைப் பற்றி நாம் செய்த பிரசங்கத்தை வயலிலிருந்து நேரே வந்த முதியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "ஐயா, எங்க ஊரு வாய்க்காலைப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். நாம் பார்த்திருக்கவில்லை. பார்க்கப் போனபோது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வூரின் தொல்லை வறட்சியன்று, வடிகால் இல்லாமை. அம்முதியவர் கையில் ஒரு கோல் இருந்தது.

பரமார்த்த குருவின் கதை இன்றும் சிறுவர் பதிப்புகளாக வண்ணப் படங்களோடு அச்சாகிக்கொண்டிருக்கிறது. குருவுக்கு ஓவியர்கள் காவியும் தாடியும் உருத்திராக்கமும் தந்திருக்கின்றனர். சிலர் குடுமி வைத்திருக்கின்றனர். பிள்ளைகளுக்கென நாம் வாங்கிவைத்த பதிப்புகளை இக்கட்டுரைக்காக மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்த்தோம். ஒன்றிலும் அவர் வெள்ளை அங்கி அணிந்திருக்கவில்லை.